சன் வைசர் மவுண்ட் உடைந்தால்: வீட்டு 3டி பிரிண்டரில் மாற்றுப் பாகம் செய்து பொருத்துவது எப்படி?

காரில் சன் வைசர், அதாவது வெயில் கண்ணில் படாமல் மறைக்கும் மடக்குத் தட்டு, தொங்க ஆரம்பித்தால் முதலில் கை போவது ஃபெவிக்விக் பக்கம்தான். கொஞ்ச நாள் நிற்கும். ஒரு மதியம் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி தொங்கிக்கொண்டிருக்கும். வைசரைக் கூரையோடு பிடித்திருக்கும் கொக்கிகளும் மவுண்ட்களும் பெரும்பாலும் அசிட்டால், நைலான், பாலிபுரொப்பிலீன் போன்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. பசை அவற்றில் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் பசை காய்ந்த இடம் வளையாது, அதனால் அங்கேயே விரிசல் விடும்.

புதுப் பாகம் வாங்கலாம் என்று போனால், கொக்கியை மட்டும் தனியாகத் தர மாட்டார்கள். வைசரோடு முழு செட்டாக வாங்கச் சொல்வார்கள். பழைய மாடல் என்றால் அதுவும் கிடைக்காது. சென்னையில் இருப்பவர்கள் பிரிண்டரை ஆன் செய்வதற்கு முன், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். அதே மாடலின் பழைய பாகம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாகமும் உங்கள் பாகம் அளவுக்கே வெயிலில் காய்ந்தது என்பது நினைவில் இருக்கட்டும்.

கிடைக்காவிட்டால் பிரிண்ட் செய்யலாம். ஆனால் உடைந்த பாகத்தை அப்படியே நகலெடுக்க வேண்டாம். கம்பெனிப் பாகம் அச்சில் உருக்கி ஊற்றியது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே உறுதி. நாம் செய்வது உருகிய பிளாஸ்டிக்கை லேயர் மேல் லேயராக, மெல்லிய அடுக்குகளாக ஏற்றியது. மூங்கிலைப் போல, ஒரு திசையில் நன்றாகத் தாங்கும், இன்னொரு திசையில் சுலபமாகப் பிளக்கும். அதனால் வடிவத்தையே நம் முறைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். வேலையில் பாதி இதில்தான் இருக்கிறது.

எது உடைந்திருக்கிறது?

வைசரை இரண்டு இடங்கள் பிடித்திருக்கின்றன. கதவுப் பக்கம் கூரையில் திருகிய அடித்தட்டு ஒன்று. அதிலிருந்து இறங்கி வளைந்து வைசருக்குள் போகும் எல் வடிவக் கம்பி ஒன்று. வைசரைப் பக்கக் கண்ணாடிப் பக்கம் திருப்பும்போது சுழல்வது இந்தக் கம்பிதான். உள்பக்கம், ரியர்வியூ கண்ணாடிக்கு அருகில், வாய் திறந்த சிறிய கொக்கி இருக்கும். வைசரின் உள்முனைத் தண்டு அதில் 'டக்' என்று போய் உட்காரும்.

கொக்கியின் உதடு உடைந்திருந்தால் வேலை சுலபம், ஒரு மாலைப்பொழுது போதும். அடித்தட்டில் திருகு போகும் காது உடைந்திருந்தால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். மூன்றாவதாக ஒன்று உண்டு. மவுண்ட் நன்றாக இருக்கும், ஆனால் வைசர் மேலே நிற்காமல் மெதுவாகச் சரியும். வைசருக்குள் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு தளர்ந்துவிட்டது, அல்லது அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் விரிந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வைசரின் ஓரத்தை அறுத்துப் பிரிக்க வேண்டும். பிரித்ததை மறுபடி அழகாக மூட முடியாது. அந்த நிலையில் வேறு வைசர் தேடுவதுதான் சரி என்பது என் கருத்து.

கழற்றும் முன்

இந்த மூலையில் கவனம் தேவை. பல கார்களில் பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் முன் தூணிலிருந்து கூரையின் ஓரமாகவே போகிறது. அடித்தட்டு இருக்கும் இடத்துக்கு அது வெகு அருகில். எனவே கூரைத் துணிக்கு உள்ளே ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். முன் தூணின் உறையைக் கழற்றவும் தேவையில்லை. மவுண்டின் திருகுகள் எல்லாமே வெளியிலிருந்து எட்டக்கூடியவை.

வைசரில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு விளக்கு இருந்தால் வண்டியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். விளக்கின் ஒயர் பெரும்பாலும் அந்த எல் கம்பியின் உள்ளே குழாய் வழியாகத்தான் வரும். திருகுகளை எடுத்ததும் அடித்தட்டை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக இறக்கி, கனெக்டரைப் பிரியுங்கள்.

திருகுகள் சாதாரண ஸ்டார் தலையாக இருக்கும், அல்லது ஆறு முனை கொண்ட டார்க்ஸ் தலையாக இருக்கும். டி20, டி25 இரண்டு பிட்டும் கையில் இருந்தால் அநேகமாகப் போதும். சில மாடல்களில் திருகுத் தலையை ஒரு சிறிய மூடி மறைத்திருக்கும். நகத்தால் அல்லது பிளாஸ்டிக் அட்டையால் அதைத் திறக்கலாம். கொக்கிகளில் சில திருகே இல்லாமல், கால் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். கழற்றிய திருகுகளைத் தொலைக்காதீர்கள், அவற்றின் நீளம் பின்னால் முக்கியமாகும். உடைந்த துண்டுகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி வையுங்கள்.

அளவெடுப்பது

ஃபெவிக்விக்குக்கு இங்கேதான் உண்மையான வேலை. துண்டுகளை ஒட்டி முழு வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். பலம் தேவையில்லை, அளவு தெரிந்தால் போதும். ஒரு முக்கியத் துண்டு காணாமல் போயிருந்தால் அடுத்த பக்கத்து வைசரைக் கழற்றுங்கள். இடதும் வலதும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். நல்ல பக்கத்தை வரைந்து, மென்பொருளில் 'மிரர்' செய்துகொள்ளலாம்.

டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டு துளைகளின் மையத் தூரத்தைக் கண்ணால் மையம் பார்த்து அளக்காதீர்கள். துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் ஒரு முறை, உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் ஒரு முறை அளந்து, கூட்டி இரண்டால் வகுத்தால் மையத் தூரம் துல்லியமாக வரும். தட்டையான பாகமாக இருந்தால் வீட்டு ஸ்கேனரில் ஒரு ஸ்கேலோடு சேர்த்து வைத்து ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை வரைபட மென்பொருளில் பின்னணியாக வைத்து மேலேயே வரையலாம். போனில் எடுத்த படத்தில் ஓரங்கள் சாய்ந்துவிடும். அதை வடிவம் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம், அடித்தட்டின் மேல்பக்கம். அங்கே திருகுத் துளையைச் சுற்றி ஒரு சின்னக் குழாய் மாதிரி மேடு இருக்கும். கூரைத் துணியையும் அதன் பின்னால் உள்ள பஞ்சையும் தாண்டிப் போய் நேராகக் கூரைத் தகட்டில் உட்காருவது அந்த மேடுதான். இதை விட்டுவிட்டு வெறும் தட்டையாகச் செய்தால், திருகை இறுக்க இறுக்கப் பஞ்சு அமுங்கிக்கொண்டே போகும். மவுண்ட் ஆடிக்கொண்டே இருக்கும். எனவே அந்த மேட்டின் உயரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூரை அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்திருந்தால், பிசைந்து வைத்தால் இறுகிப்போகும் எம்-சீல் உதவும். ஓர் உருண்டை பிசைந்து, இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து, அந்த இடத்தில் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். காய்ந்ததும் வளைவின் அச்சு உங்கள் கையில் இருக்கும்.

எந்த ஃபிலமென்ட்?

ஃபிலமென்ட் என்பது பிரிண்டர் உருக்கிப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் இழை. அதில் பல வகை உண்டு. பி.எல்.ஏ. வேண்டாம். பிரிண்ட் செய்ய அருமையான பொருள், அழகாக வரும், பொருத்தும்போது கச்சிதமாக இருக்கும். ஆனால் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகிவிடும். ஜன்னலை மூடி வெயிலில் நிறுத்திய காரில் உள்காற்றே 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், டேஷ்போர்டு 70க்கு மேல் போகும். வைசரின் இடம் டேஷ்போர்டு அளவுக்குச் சூடாகாது. ஆனாலும் ஒரு பக்கம் முன்கண்ணாடி, மறுபக்கம் வெயிலில் காயும் கூரைத் தகடு. தமிழ்நாட்டு சித்திரை, வைகாசியில் பி.எல்.ஏ. கொக்கி ஒரே மதியத்தில் வாய் விரிந்துவிடும்.

பி.இ.டி.ஜி. சுமார் 80 டிகிரியில் இளகும், ஆனால் சுமை இருந்தால் 70ஐ ஒட்டியே தளர ஆரம்பிக்கும். நிழலில் நிற்கும் வண்டிக்கு, அதுவும் உள்பக்கக் கொக்கிக்கு மட்டும் என்றால் ஓடும். அடித்தட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஏ.பி.எஸ்., ஏ.எஸ்.ஏ. இரண்டும் 100 டிகிரி வரை தாங்கும். இரண்டில் ஏ.எஸ்.ஏ. வெயிலின் புற ஊதாக் கதிரையும் தாங்கும். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வாழப்போகும் பாகத்துக்கு அதுதான் பொருத்தம். இரண்டிலுமே பிரிண்ட் ஆகும்போது ஸ்டைரீன் புகை வரும். படுக்கையறையில் வைத்து ஓட்டாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நைலானும் பாலிகார்பனேட்டும் இன்னும் உறுதியானவை, ஆனால் ஈரத்தை வேகமாக உறிஞ்சுகின்றன. கடலோர ஊர்களில் காய வைத்தே நேரம் போய்விடும். இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்லை.

வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் பிரிண்ட் செய்து தரும் கடைகளில் கொடுக்கலாம். 'ஏ.எஸ்.ஏ.வில் வேண்டும், இந்தப் பக்கம் படுக்க வைத்துத்தான் பிரிண்ட் செய்ய வேண்டும்' என்று இரண்டையும் எழுதியே கொடுங்கள். சொல்லாவிட்டால் எது சுலபமோ அப்படிச் செய்து தந்துவிடுவார்கள்.

காது ஏன் உடைகிறது? ஒரு சின்னக் கணக்கு

வைசரின் எடை பெரிய விஷயமே இல்லை. உடைப்பது நம் கை. உள்பக்கக் கொக்கியிலிருந்து வைசர் விடுபட்டிருக்கும்போது அதன் கடைசி முனையைப் பிடித்துக் கீழே இழுக்கிறோம். மவுண்டிலிருந்து அந்த முனை 40 செ.மீ. தள்ளி இருக்கிறது, அடித்தட்டின் இரண்டு திருகுகளுக்கும் இடையே 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் விகிதம் 13க்கு 1. நீங்கள் சும்மா 2 கிலோ அளவுக்கு இழுத்தால், ஒரு திருகுத் தலையின் கீழ் உள்ள பிளாஸ்டிக் ஏறக்குறைய 27 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். குழந்தை பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். ஒன்று, திருகுத் தலை நேராகப் பிளாஸ்டிக்கில் அழுத்தக் கூடாது. கீழே அகலமான ஸ்டீல் வாஷர் வேண்டும். அதற்கான பள்ளத்தை வடிவமைப்பிலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு, அந்த இழுப்பு லேயர்களைப் பிரிக்கும் திசையில் வரக் கூடாது. லேயருக்கு லேயர் உள்ள பிடிப்பு, லேயரின் நீளவாக்கில் உள்ள உறுதியில் பாதியாகக்கூட இருக்கலாம், அதுவும் ஏ.பி.எஸ். வகைகளில்.

இங்கேதான் நகலெடுப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அடித்தட்டைப் பெட்டில் (பாகம் உருவாகும் பிரிண்டரின் அடிப் பலகையில்) தட்டையாக வைத்து, கம்பி போகும் குழாயை மேல்நோக்கி நிறுத்திப் பிரிண்ட் செய்வதுதான் பார்த்தவுடன் தோன்றுவது. சப்போர்ட் (தொங்கும் பகுதிக்கு முட்டுக்கொடுக்கும் தற்காலிகப் பிளாஸ்டிக்) வேண்டாம், சுத்தமாக வரும். ஆனால் வைசரை இழுத்தால் குழாய் அடியோடு 'டப்' என்று ஒரு லேயரில் வெட்டினாற்போல் விட்டுவிடும்.

அடித்தட்டை இரண்டு பாதியாகச் செய்யுங்கள்

நான் பரிந்துரைக்கும் வடிவம் இது. அடித்தட்டையும் குழாயையும் சேர்த்து, கம்பியின் மையக்கோடு வழியாக, வைசர் நீளும் திசையில் நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். இரண்டு பாதிகளையும் பிளந்த முகம் பெட்டில் படும்படி படுக்க வைத்துப் பிரிண்ட் செய்யுங்கள்.

இதனால் பல காரியம் ஒன்றாக முடிகிறது. வைசரை இழுக்கும் விசை முழுக்க லேயரின் நீளவாக்கிலேயே போகிறது. கம்பி உட்காரும் இடம் அரைவட்டப் பள்ளமாக வருவதால் பெரிதாக சப்போர்ட் தேவைப்படாது. கம்பியின் முனையில் கம்பெனி அடித்து இறக்கிய பூட்டு வாஷர் இருந்தாலும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு பாதிகளும் கம்பியைச் சுற்றி மூடிக்கொள்ளும். அந்த வாஷர் உட்கார உள்ளே ஒரு பள்ளம் மட்டும் விடுங்கள், கம்பி கீழே நழுவாது.

இரண்டு பாதிகளையும் குறுக்கே இரண்டு எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டால் இணைக்க வேண்டும். இந்தப் போல்ட்கள் லேயர்களுக்குச் செங்குத்தாகப் போவதால், பிரிய நினைக்கும் லேயர்களையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்கின்றன. நட்டுக்கு 7.2 மி.மீ. அகல அறுகோணப் பள்ளம் கொடுங்கள் (எம்4 நட்டின் அகலம் 7 மி.மீ.). தானாகத் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்தான் வேண்டும். திருகு தளராமல் இருக்க மரையில் தடவும் திருகுப் பசை போடாதீர்கள். அந்த வகைப் பசை ஏ.பி.எஸ்., ஏ.எஸ்.ஏ., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் பட்டால் அழுத்தம் உள்ள இடத்தில் விரிசல் விடவைக்கும். சில வாரம் கழித்துக் காரணமே தெரியாமல் பாகம் இரண்டாகக் கிடக்கும்.

இரண்டு பாதிகளும் சேர்ந்த பிறகு நடுவே சுமார் 0.5 மி.மீ. இடைவெளி இருக்கும்படி வரையுங்கள். முழுதாக ஒட்டிக்கொண்டால் கம்பியை இறுக்க முடியாது. இந்த இடைவெளி இருந்தால் போல்ட்டை முடுக்கி, வைசர் எவ்வளவு இறுக்கமாகச் சுழல வேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கம்பெனிப் பாகத்தில் இந்த வசதி கிடையாது.

சுவர் எங்கேயும் 4 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். தட்டும் குழாயும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் 3 முதல் 5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்துவிடுங்கள், விரிசல் ஆரம்பிப்பது எப்போதும் அந்த மூலையில்தான். திருகுத் துளையை 0.5 மி.மீ. கூடுதலாக, கொஞ்சம் நீள்வட்டமாக வைத்தால் பொருத்தும்போது கூரையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. காது பிளவுக்கோட்டிலேயே விழுந்தாலும் பயமில்லை, வாஷர் இரண்டு பாதியையும் சேர்த்தே அழுத்தும். கோட்டிலிருந்து முன்னோ பின்னோ தள்ளி நிற்கும் காது இருந்தால் அதை மட்டும் 6 மி.மீ. தடிமனாக்குங்கள், ஏனென்றால் அங்கே விசை லேயருக்குக் குறுக்கே வரும்.

வெளிப்புறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பாகம் உங்கள் தலைக்கு ஓரடிக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரம் 201, வைசர் மவுண்டில் தலை படக்கூடிய கடின ஓரங்களின் ஆரம் 0.125 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 3.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. நம் ஊர் வண்டிக்கும் அதே அளவை வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. வெளியே தெரியும் எல்லா ஓரத்தையும் அப்படி உருட்டிவிடுங்கள். போல்ட் தலை, நட் எதுவும் வெளியே துருத்தக் கூடாது, பள்ளத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

வரைவதற்கு ஃப்யூஷன், ஃப்ரீகேட் மென்பொருள்களில் எது பழக்கமோ அது. டிங்கர்கேட்டிலும் முடியும், ஆனால் ஓரங்களை வளைப்பதில் திண்டாட வேண்டியிருக்கும். திங்கிவர்ஸ், பிரின்டபிள்ஸ் தளங்களில் உங்கள் கார் மாடலின் பெயரைப் போட்டு ஒரு முறை தேடிப் பாருங்கள். யாராவது அளவெடுத்து வைத்திருந்தால் அந்த அளவை எடுத்துக்கொள்ளலாம்.

கொக்கி: தடிமன் கூடினால் உறுதி கூடாது

உள்பக்கக் கொக்கியின் கதை வேறு. அது வளைந்து கொடுக்க வேண்டிய பாகம். உடைந்துவிட்டதே என்று உதட்டைத் தடிமனாக்குவது இயல்பான யோசனை, ஆனால் அது நேர் எதிராக வேலை செய்யும். கொக்கி வாயின் இரண்டு பக்கத்தையும் கை என்று சொல்வோம். ஒரே அளவு வளைக்கும்போது, தடிமனான கையின் மேற்பரப்பு அதிகமாக நீள வேண்டியிருக்கிறது. அதனால் சீக்கிரம் விரியும்.

தண்டு 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்வட்டம் 8.2, வாய் 6.6 மி.மீ. தண்டு உள்ளே போக ஒவ்வொரு கையும் 0.7 மி.மீ. விலக வேண்டும். கை 8 மி.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமன் என்றால் தோராயக் கணக்கில் மேற்பரப்பு 4 சதவீதத்துக்கு மேல் நீள்கிறது. தினமும் பலமுறை திறந்து மூடும் பாகத்துக்கு இது அதிகம். அதையே 10 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன் ஆக்கினால் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. தடிமனைப் பாதியாக்கினால் நீட்சி பாதியாகும், ஆனால் நீளத்தை இரட்டிப்பாக்கினால் கால்பாகமாகும். இடம் இருக்கிற வரைக்கும் கையை நீளமாக்குவதே லாபம். வாயின் அடியில் இரண்டு பக்கமும் சின்னப் பள்ளம் தோண்டினால்கூடக் கை நீண்டதாகக் கணக்கு.

பிரிண்ட் செய்யும்போது கொக்கியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஒவ்வொரு லேயரும் முழுக் கொக்கி வடிவத்தை வரைய வேண்டும். வாய் வானத்தைப் பார்க்க நிறுத்தினால் முதல் நாளே உதடு கையோடு வந்துவிடும்.

பிரிண்ட்

ஃபிலமென்ட்டை முதலில் 80 டிகிரியில் நாலைந்து மணி நேரம் காய வையுங்கள். நாசில் (பிளாஸ்டிக் உருகி வெளிவரும் முனை) 250, பெட் 100 டிகிரியில் ஆரம்பிக்கலாம். உங்கள் ஃபிலமென்ட் டப்பாவில் வேறு எண் போட்டிருந்தால் அதைக் கேளுங்கள். ஃபேன் அணைத்தே இருக்கட்டும், மிஞ்சினால் 20 சதவீதம். லேயர் 0.2 மி.மீ., சுவர் 5 சுற்று, பிரிம் (பாகம் பெட்டில் ஒட்டி நிற்க அதைச் சுற்றி வரும் மெல்லிய விளிம்பு) 8 மி.மீ. இன்ஃபில் (உள்ளே நிரப்பும் அளவு) 40 சதவீதம் போதும், சுவர் சுற்றுகள்தான் முக்கியம். கொக்கி சின்னதாக இருப்பதால் அதை முழுக்கவே நிரப்பிவிடலாம்.

திறந்த பிரிண்டராக இருந்தால் காற்று அடிக்காத இடத்தில் வைத்து, எரியாத பொருளில் ஒரு மறைப்பு அமைத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியால் மூடுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் உடனே பிய்த்து எடுக்காமல், பெட் 50 டிகிரிக்குக் கீழே வரும்வரை விடுங்கள். ஏ.எஸ்.ஏ. ஆறும்போது அரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும். 60 மி.மீ. பாகத்தில் 0.3 மி.மீ. குறையும். அளவு கச்சிதமாக வேண்டுமென்றால் ஸ்லைசரில் (வடிவத்தை லேயர்களாகப் பிரிக்கும் மென்பொருளில்) அளவை 100.5 சதவீதம் என்று போடுங்கள்.

அசல் பிரிண்டுக்கு முன், 1 மி.மீ. தடிமனில் அடித்தட்டின் வெளிக்கோட்டையும் துளைகளையும் மட்டும் எந்த மலிவான ஃபிலமென்டிலாவது பிரிண்ட் செய்து கூரையில் வைத்துப் பாருங்கள். துளை பொருந்தினால் மேலே போகலாம்.

வண்டியில் ஏற்றும் முன் சோதனை

கொக்கிக்குச் சுடுதண்ணீர் சோதனை. தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டு வந்து (சமையல் தெர்மாமீட்டர் போதும்), கொக்கியைப் பத்து நிமிடம் அதில் போட்டு, இடுக்கியால் எடுத்து ஆறவிட்டு வாயை மறுபடி அளந்து பாருங்கள். 6.6 என்பது 6.6ஆகவே இருக்க வேண்டும். அப்புறம் தண்டைப் பல தடவை உள்ளே தள்ளி வெளியே இழுத்து, கையின் அடியில் வெள்ளையாகக் கோடு விழுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் பிளாஸ்டிக் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். கையை இன்னும் நீளமாக்குங்கள்.

அடித்தட்டுக்கு இது போதாது. அதை ஒரு பலகையில் திருகி, கம்பியையும் மாட்டி, வைசரின் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் பிடித்த பாட்டிலைக் கம்பியின் முனையில் தொங்கவிட்டு, காருக்குள்ளேயே ஒரு முழு வெயில் நாள் வையுங்கள். மாலையில் கம்பி காலையில் இருந்த கோணத்தில் இருந்தால் தேறிவிட்டது. உடையாமல் மெல்லச் சாய்ந்திருந்தால் பொருள் வெப்பத்துக்குத் தளர்கிறது. வடிவத்தில் கைவைத்துப் பயனில்லை, ஃபிலமென்ட்டை மாற்ற வேண்டும்.

பொருத்துவது

கம்பியைத் துடைத்து, சுழலும் இடத்தில் சிலிகான் கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். கையில் கிடைத்த ஸ்பிரே எண்ணெயை அடிக்க வேண்டாம், அதுவும் இந்த வகைப் பிளாஸ்டிக்கை விரிசல் விடவைக்கக்கூடும். இரண்டு பாதிகளையும் கம்பியைச் சுற்றி மூடி, எம்4 போல்ட்களை லேசாக முடுக்குங்கள். விளக்கு ஒயர் இருந்தால் பாதிகளுக்கு இடையே நசுங்காமல் பார்த்துக்கொண்டு, கனெக்டரை மாட்டுங்கள்.

இனி திருகுகள். பழைய திருகையே போட முடிந்தால் அதுதான் நல்லது. உங்கள் தட்டு பழையதைவிட 2 மி.மீ. தடிமன், வாஷர் 1 மி.மீ. என்றால் திருகு 3 மி.மீ. மட்டுமே கூடுதல் நீளம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. 'கொஞ்சம் நீளமா இருந்தா நல்லா பிடிக்கும்' என்று கடையில் கொடுப்பதை வாங்கிப் போட்டால், அது ஒயரில் குத்தலாம், ஏர்பேக்கின் பக்கம் போகலாம், கூரையின் வெளித் தகட்டை உள்ளிருந்து முட்டிப் புடைக்கவும் வைக்கலாம்.

எல்லாத் திருகுகளையும் முதலில் கையால் பாதிவரை ஏற்றி, தட்டு சரியாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். பவர் டூல் வேண்டாம். கூரைத் தகட்டின் துளையில் மரை தேய்ந்திருந்தால் பிளாஸ்டிக்கால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மெக்கானிக்கிடம் காட்டி ரிவெட் நட் அடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வைசரைக் கொக்கியில் மாட்டி, முன்கண்ணாடிப் பக்கம் ஒரு முறை, பக்கக் கண்ணாடிப் பக்கம் ஒரு முறை திருப்பிப் பார்த்து, எம்4 போல்ட்களின் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஒற்றை விரலால் திருப்ப முடிய வேண்டும், வேகத்தடையில் ஏறி இறங்கினால் தானாகத் திரும்பக் கூடாது. மாலையில் சென்னையிலிருந்து பெங்களூரு போகும் சாலையில், மேற்குச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும்போது ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டினால் மீதி தெரிந்துவிடும்.

அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வெப்பத்தில் கொஞ்சம் அமுங்கும், அதனால் ஒரு வாரம் கழித்துத் திருகுகளை ஒரு முறை கையால் முடுக்கிவிடுங்கள். முதல் கோடை முடிந்ததும் அடித்தட்டைக் கழற்றி, காதுகளின் அடியிலும் பிளவுக்கோட்டின் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு கையில் இருக்கிறது, ஃபிலமென்ட்டும் மீதம் இருக்கும். அந்த ஃபிலமென்ட் சுருள் தீர்வதற்குள் மறுபக்கத்துக்கும் ஒரு கண்ணாடிப் பிம்ப ஜோடியைப் பிரிண்ட் செய்து டிக்கியில் போட்டு வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக் காதும் இதே வயதுதான்.